இறங்காத கார்

வெள்ளச்சி இந்தத் துறைக்கு வந்தபோதே இரண்டாம் தாரம்தான். ஏதோ ஒரு குளிர் நாட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சுவரெல்லாம் யாருக்கும் புரியாத மொழியில் எச்சரிக்கைகளோடு வந்து சேர்ந்தது அந்தக் கப்பல். வெள்ளையடித்துக் கொண்டுவந்து நிறுத்தியதால் ஊர் அதற்கு அந்தப் பெயரை வைத்தது. கீழ்த்தளத்தில் கார்கள், மேல்தளத்தில் ஆட்கள். இக்கரையில் முன்பக்கக் கதவைத் திறந்து கார்களை ஏற்றிக்கொள்ளும், அக்கரையில் பின்பக்கமாக இறக்கிவிடும். கூட்டம் பெருகியபோது முதலாளிகள் அதை நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் செருகி நீளமாக்கினார்கள். அதற்கப்புறம் அலை கொஞ்சம் எழும்பினாலே இடுப்புப் பிடித்தவளைப் போல முனகும். மணல்திட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, எஞ்சினில் தீப்பிடித்திருக்கிறது. மறுநாளே ஓடியும் இருக்கிறது. அக்கரைக்குப் போக வேறு வழி இல்லாததால் யாரும் குறை சொல்லவில்லை.

கார்த்தளம் அங்குலத்தின் ராஜ்ஜியம். கயிறு பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, கார்களை அடுக்குகிற வேலைக்கு உயர்ந்தவர் அவர். "வாங்க சார், இன்னும் ஒரு அங்குலம், இன்னும் ஒரு அங்குலம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பெற்றோர் வைத்த பெயர் மறைந்துபோனது. வேறு யார் அடுக்கினாலும் நாலு கார் வெளியே நிற்கும். இவர் அடுக்கினால் நாலும் உள்ளே வந்துவிடும்.

விடுமுறைக் கூட்டம் முட்டி மோதிய ஒரு காலையில் அந்தச் சாம்பல் நிறக் கார் ஏறியது. ஓட்டி வந்தவனுக்கு ஐம்பது வயதிருக்கும், சட்டைக் காலர் கழுத்தில் நிற்காத அளவுக்கு மெலிந்தவன். பின்சீட்டில் அவன் அப்பா. கப்பல் ஓடும்போது கீழே யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம்.

"அண்ணே, அப்பாவுக்கு ரெண்டு காலும் விளங்காது. மாடிப்படி ஏத்த முடியாது. அவர் மட்டும் இங்கேயே இருக்கட்டுமே" என்றான் மகன்.

பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. அங்குலம் தலையாட்டினார். காரைச் சுவரோரமாக ஒட்டி நிறுத்தச் சொன்னார். மகன் படியேறிப் போனான்.

அக்கரையில் எல்லாக் காரும் இறங்கிப் போயின, இது மட்டும் இறங்கவில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை.

"ஓட்டறவன் இல்லாத வண்டியை நாங்க வாங்க மாட்டோம்" என்று கரை அதிகாரி கையை விரித்தார். "நேரமாச்சு. அது அங்கேயே கிடக்கட்டும், சுத்தி ஏத்து" என்று மேலிருந்து கத்தினார் கேப்டன்.

அப்படித்தான் பெரியவர் வந்த வழியே திரும்பினார். மறுபடி போனார். மறுபடி திரும்பினார்.

முதல் நடையில் அங்குலத்துக்கு அந்த மகன்மீது கோபம் பொங்கியது. பெற்ற அப்பனைக் கப்பலில் விட்டுவிட்டு ஓடுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்! டீயும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். பெரியவர் ஒரு வாய் குடித்தார், அதை அப்படியே அங்குலத்தின் செருப்பில் துப்பினார்.

"இதுக்குப் பேர் டீயா? கழுவின தண்ணியைக் கொண்டாந்து குடுக்கிறியா?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்க பையன் எங்கே போயிருப்பாரு?"

"எங்கே போவான்? ஒரு இடத்துக்குத் தனியாப் போய்வரத் தெரியாத கழுதை அது." பெரியவர் அங்குலத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ என்ன வேலைடா பாக்கறே? காரைப் பாத்துக் கையை ஆட்டறதா? அதுக்குச் சம்பளம் வேற தர்றானா?"

அங்குலம் சிரித்து மழுப்பினார். ஆனால் பெரியவருக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. அடுத்தடுத்த நடைகளில், காருக்குச் சங்கிலி மாட்டப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொண்டார். தன் மகனைத் தான் எப்படி வளர்த்தார் என்று, சாப்பிட்ட விருந்தைச் சொல்வதுபோல நாக்கைச் சப்புக்கொட்டிச் சொன்னார்.

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கறான். வாசல்ல என் செருப்பைக் காணோம். எங்கடான்னு கேட்டேன், முழிச்சான். வச்சேன் ஒரு அறை. பொண்ணு வீட்டுக்காரங்க அத்தனை பேரும் பாத்தாங்க. அந்தப் பொண்ணும் பாத்தா." பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒரு வருசம்கூட இருக்கல. ஓடிட்டா. அறை வாங்கினவன்கூட எவ குடும்பம் நடத்துவா?"

வெளியே கடலில் புதிய பாலத்தின் தூண்கள் வரிசையாக முளைத்திருந்தன. பெரியவர் அதையும் விடவில்லை. "பாலம் வந்தா இந்த ஓட்டைக் கப்பலை உடைச்சு இரும்புக்குப் போட்டுருவாங்க. உன்னை எதுக்குடா போடுவாங்க?"

மத்தியானத்துக்குள் அங்குலத்துக்கு அந்த மகன்மீது இருந்த கோபம் வடிந்திருந்தது. இந்த ஆளைக் கடலில் தள்ளாமல் கப்பலில் விட்டானே என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் டீக்கடைக்காரர் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தார். "அங்குலம், ஒருத்தன் காலையிலேர்ந்து இறங்கவே இல்ல. எழுந்து போனாலும் ஜன்னலோரமா அதே இடத்துக்குத் திரும்பி வந்து உக்காந்துக்கறான். நீங்க தேடற ஆளான்னு பாருங்க."

அவனேதான். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்குலம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மைக்ல கூப்பிட்டது காதுல விழலையா தம்பி?"

"விழுந்துச்சு அண்ணே." அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான். "ஒவ்வொரு தடவையும் எழுந்து இறங்கற வாசல்வரைக்கும் போறேன். கால் தாண்ட மாட்டேங்குது. யாராவது அவரை இறக்கிக் கொண்டுபோயிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு."

"சரி வா. கடைசி நடை இதுதான்."

அவன் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் வந்தான். மகனைப் பார்த்ததும் பெரியவரின் முகம் மலர்ந்தது. அதில் பாசம் துளியும் இல்லை, பந்தயத்தில் ஜெயித்தவனின் மலர்ச்சி அது.

"பாத்தியாடா? மாடியிலதான் இருப்பான்னு எனக்குக் காலையிலேயே தெரியும்" என்றார் அங்குலத்திடம். "அப்பனை விட்டுட்டு ஓடறதுக்குக்கூடத் தைரியம் இல்லாத பய. ஏறுடா. வண்டியை எடு."

மகன் ஏறினான். வண்டியை எடுத்தான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார் அங்குலம். "பெத்தவரை அப்படி விடலாமா? அவனெல்லாம் ஒரு மனுசனா?" என்று பொங்கினாள் அவள்.

"நீ அந்த ஆளைப் பாக்கல" என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது அதே கார் வந்து வரிசையில் நின்றது. அங்குலம் அதே சுவரோரத்தைக் காட்டினார். மகன் கதவைச் சாத்திவிட்டுப் படியேறினான். சாவி காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் எவனும் சாவியை விட்டுவிட்டுப் போக மாட்டான். அங்குலம் அதைப் பார்த்தார். கூப்பிட்டுச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.

அக்கரையில் கதவு திறந்தது. ஓரத்து நடைபாதையில் ஆட்கள் குடைகளை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் குடையில்லாமல், தோளில் ஒரு சின்னப் பையோடு அவன் போனான். ஒரு நொடி திரும்பினான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஒரு குரல் போதும், நின்றிருப்பான். குரலுக்கு நின்றே பழகினவன். அங்குலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாங்க சார், வாங்க" என்று முதல் வரிசைக் காரை அழைத்தார்.

தளம் காலியானதும் பெரியவர் கண்ணாடியைத் தட்டினார். "மறுபடி ஆரம்பிச்சுட்டானா? மாடியில உக்காந்திருப்பான், போய் இழுத்துட்டு வா."

அங்குலம் மேலே போனார். டீக்கடையில் நின்று ஒரு டீயை நிதானமாகக் குடித்தார். கீழே வந்து கார் ஜன்னலில் குனிந்தார்.

"மாடியில இல்லீங்க ஐயா."

"நல்லாப் பாத்தியாடா குருட்டுப்பயலே?"

"இறங்கிப் போயிட்டாரு. நானே பாத்தேன்." அங்குலம் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "திரும்பிக்கூடப் பாக்கல. தைரியம் வந்துடுச்சு போல."

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. பிறகு கழுத்தை நீட்டிப் படிக்கட்டையே பார்த்தார். முகம் மெல்ல மெல்லக் கலங்குவதை அங்குலம் விலகாமல் நின்று பார்த்தார். பல நாள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது அவருக்கு.

"தம்பி" என்றார் பெரியவர். அந்த வாயிலிருந்து முதல்முறையாக அந்தச் சொல் வந்தது. "தம்பி, இன்னொரு தடவை பாத்துட்டு வாயேன்."

"நேரமில்லீங்க. அடுத்த நடைக்கு ஏத்தணும்."

சாவி இருந்ததால் இம்முறை கரை அதிகாரியால் மறுக்க முடியவில்லை. அங்குலமே காரை ஓட்டி இறக்கி, துறைமுகத்தின் காலி மைதானத்தில் மழையில் நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளச்சி கிளம்பும்போது, காரின் பின்கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அழுந்தியிருந்தது தெரிந்தது.

அதிகாரிகள் பெரியவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் முதலில் எல்லாரையும் திட்டித் தீர்த்தாராம். பின்னால் பேச்சே நின்றுபோனதாம். பாலம் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், "உன் கார்க் கிழவர் போய்ச் சேர்ந்துட்டாருப்பா" என்று கரை அதிகாரி போகிறபோக்கில் சொன்னார்.

"மகன் வந்தானா?"

"ஒருத்தரும் வரல."

பாலம் திறந்ததும் வெள்ளச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. யாரோ வாங்கினார்கள், உடைக்கவா ஓட்டவா என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை. இழுவைப் படகு அதைக் கட்டி இழுத்த அன்று பழைய ஆட்களெல்லாம் குடும்பத்தோடு கரையில் கூடினார்கள். கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் விசும்பினார். அங்குலம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அந்தக் கால் விளங்காத பெரியவரை மகன் மறுபடி விட்டுட்டுப் போயிட்டான்னு பேசிக்கிட்டாங்களே, அவர் என்ன ஆனாரு? நீங்க அப்புறம் சொல்லவே இல்லையே" என்றாள் மனைவி திடீரென்று.

"மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்."

"அப்பாடா" என்றாள் அவள், நிஜமாகவே நெஞ்சில் கை வைத்து. "ஆயிரம் இருந்தாலும் பெத்தவரு இல்லையா. மனசு கேக்குமா?"

"கேக்காது" என்றார் அங்குலம். கப்பல் பாலத்தின் தூண்களைத் தாண்டுகிறதா என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.