ஃபேன் கம்பெனி நடந்துபோன வருஷம்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆனி மாதம், புதுச்சேரியில் வாட் வரி வந்த மறுவாரம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இருந்த ஃபேன் கம்பெனி இருந்த இடத்தைவிட்டு ஒரு மாட்டுவண்டி நீளம் வடக்கே தள்ளி நின்றது. அன்றைக்குப் பொன்னி அரிசி கிலோ பதினெட்டு ரூபாய். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள், கட்டடம் விட்டுப்போன ஈரமண்ணைத் தாண்டி உள்ளே போய் கார்டு பஞ்ச் பண்ணினார்கள். அந்த மண்ணில் நெளிந்த புழுக்களைக் கொக்குகள் வந்து பொறுக்கின. சூப்பர்வைசர் ஜானகிராமன் அறுந்து தொங்கிய தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினார்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியூர் முதலாளி அந்தக் கம்பெனியை இங்கே கொண்டுவந்து வைத்ததே, இங்கே புதுக் கம்பெனிக்கு விற்பனை வரி கிடையாது என்பதற்காக. திண்டிவனத்துக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் பஸ் ஏறி வந்து நேரு வீதியில் ஃபேன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனதும் இங்கே விலை குறைவு என்பதற்காக. வரி இரண்டு பக்கமும் ஒன்றாகிப் போனதும் அவர்கள் பஸ் காசை மிச்சம் பிடித்து அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். நேரு வீதிக் கடைகளில் ஃபேன்கள் சுற்றின, கீழே நிற்க ஆள் இல்லை. கடைகளில் வேலைக்கு நின்றவர்களை இரண்டு இரண்டு பேராக வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் மட்டும் ஒரு பாத்திரம்கூட அடகுக்கு நகரவில்லை. வடக்கே மலைப்பக்கம் ஏதோ ஒரு மாநிலத்தில் கம்பெனிகளுக்குப் பல வருஷம் வரியே இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. முதலாளி அதைக் கம்பெனியின் காதில் ஓதினாரோ, அதுவாகவே மோப்பம் பிடித்ததோ, அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

கன்னியம்மாள் அங்கே ஃபேன் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவள். சேர்ந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட். வருகிற தீபாவளிக்குப் பர்மனென்ட் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னார்கள். அவள் புருஷன் அம்மாவாசை, மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்தவன். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் வீட்டு அடுப்பும் அவள் சம்பளத்தில்தான்.

"ஏன்டி, உங்க கம்பெனி நடக்குதாமே?" என்றான் அவன்.

"நடக்குது. அதுக்கு நீ ஏன் இளிக்கிற?"

"எங்க மில்லு நடக்கத் தெரியாம நின்ன எடத்துலயே செத்துச்சி. உங்களுதுக்குக் காலாவது இருக்குதேன்னு பாத்தேன்."

"இருக்குது, மிதிக்கிறதுக்கு."

ராத்திரிக்கு ராத்திரி, ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கம்பெனி நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் கன்னியம்மாள்தான். ஒருநாள் காய்ச்சலோடு காயில் டிரம்களுக்குப் பின்னால் படுத்தவள் அங்கேயே தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் கம்பெனி முந்தின நாள் நின்ற இடத்திலேயே நின்றது. அதிலிருந்து முறை போட்டுக்கொண்டார்கள். எந்நேரமும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். தன் முறை வரும்போதெல்லாம் தரை ஒரு பக்கமாய் இழுப்பதை அவள் பாதத்தில் உணர்ந்தாள். மாடு கட்டிய வீட்டில் பிறந்தவளுக்கு அது புதிதில்லை, முளைக்குச்சியை இழுக்கும் மாட்டின் இழுப்புதான். "நில்லு" என்று அதட்டினால் நின்றது. தொழிலாளர் ஆபீசுக்கும் போய்க் கேட்டார்கள். மூடினால் மனு கொடுங்கள், நடந்தால் அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லி, அங்கே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜையை முதலாளி பெரிதாகச் செய்தார். எப்போதும் கால் கிலோ ஸ்வீட் கொடுப்பவர் அரைக் கிலோ கொடுத்தார். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், ஷட்டரின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள், பொரியும் சுண்டலும் படைத்தார்கள். அன்றைக்கு உள்ளே இருக்கும் முறை கன்னியம்மாளுடையது. பூசணிக்காய் சுற்றப் போகிற நேரத்தில் ஜானகிராமன் வாசலில் வந்து நின்றார்.

"கன்னியம்மா, வெளிய வா. உள்ள ஆள வெச்சிகிட்டுச் சுத்தினா திருஷ்டி அவங்க மேலயே எறங்கிடும்."

"நான் வந்தா இது போயிடும் சார்."

"பூசை அன்னிக்கு எங்கம்மா போவும்? மெஷினையே தொடக்கூடாத நாளு."

அவர் வஞ்சகமாய்ச் சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் சோறு. கன்னியம்மாள் தன் பிள்ளைகளை நினைத்தாள். திருஷ்டியை வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்குத் துணிவில்லை. சாப்பாட்டுத் தூக்கை டிரம் மேல் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பூசணிக்காய் உடைந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். திறந்தபோது கம்பெனி எழுந்து போய்க்கொண்டிருந்தது.

அவசரப்படாமல்தான் போனது. பூமாலை ஆட, வாழைமரம் ஆட, இழுக்க ஆள் தேவைப்படாத தேர் மாதிரிப் போனது. முதலாளியின் கார் முன்னால் போனது. கும்பிட்ட கையோடு கொஞ்ச தூரம் பின்னால் ஓடியவர்கள் உண்டு. செக்போஸ்ட்டில் ஒவ்வொரு லாரியையும் மறித்துக் காகிதம் கேட்கிறவர்கள் அதற்கு மட்டும் கம்பைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கன்னியம்மாள் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவாசை ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, "எங்களுக்கு இதுகூடக் குடுக்கல" என்றான்.

நாக்பூர் பக்கம் பருத்திக் காட்டில் அது இளைப்பாறி நின்றதை லாரி டிரைவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்போதே வாழைமரம் காய்ந்துவிட்டதாம். மலை ஏறிவிட்டது, அங்கே வேறு ஆட்கள் உள்ளே போகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி, தான் டிரம் மேல் விட்ட தூக்கில்தான் சோறு கொண்டுவருவாள் என்று கன்னியம்மாள் நினைத்துக்கொண்டாள். ஜானகிராமன் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். கன்னியம்மாள் தேங்காய்த்திட்டில் மீன்கூடை தூக்கினாள். தூக்கினால் கூலி, படகு வராவிட்டால் இல்லை.

ஆனாலும் வருஷத்துக்கு ஒரு நாள் சேதராப்பட்டிலிருந்து அவளுக்கு ஆள் வரும். அங்கே மிச்சமிருந்த பிளாஸ்டிக் கம்பெனித் தொழிலாளிகள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, ஆயுத பூஜை அன்று உள்ளே உட்கார அவளைக் கூப்பிட்டார்கள். பூசணிக்காய் சுற்றும்போது உள்ளே இருக்க அவர்களில் எவரும் தயாரில்லை. திருஷ்டிக்குப் பயமில்லையா என்று முதல் வருஷம் ஒருத்தி கேட்டாள்.

"எம்மேல எறங்கி அதுக்கு என்னடி கெடைக்கப் போவுது?" என்றாள் கன்னியம்மாள்.

இப்போது எவரும் கேட்பதில்லை. சந்தனம் வைத்த மெஷின்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டுக் கொடுக்கிறார்கள். எல்லாரும் வெளியே போகிறார்கள். பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டதும் தரை மெல்ல எழும்பி வடக்கே இழுக்கிறது. கன்னியம்மாள் மீன் வாடை போகாத கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை அழுத்தி, "நில்லு" என்கிறாள். நிற்கிறது. அதன் பிறகு சுண்டல் வருகிறது.