பிழைத்த கை

“அவரு அடிக்கப் போறாருன்னு உங்களுக்கு மட்டும் எப்படிக்கா முன்னாடியே தெரியுது?”

“தாடையைப் பாரு. பல்லைக் கடிச்சாருன்னா எட்ட நின்னுக்கோ. சும்மா சிரிச்சாருன்னா ரூமை விட்டே போயிடு.”

நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் அந்தப் பெண் கேட்டதும், துணி மடித்துக்கொண்டே அவர் மனைவியான இவள் சொன்னதும் இவ்வளவுதான். ஓயாமல் பேசுகிறவள் என்பதால் அவளுக்குக் கிளி என்று இவள் பேர் வைத்திருந்தாள். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த அக்கா புருஷனை இப்படிக் கரைத்துக் குடித்திருக்கிறாரே என்று கிளி வியந்துபோனாள். பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இவள் சொல்லவில்லை.

அவர் லாரி மெக்கானிக்காக இருந்தவர். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வலது கை மட்டும், துருப்பிடித்த நட்டைக் கழற்றிய அதே பலத்தோடு பிழைத்துக்கொண்டது. பேச்சோடு வசவும் போய்விட, அதன் பங்கையும் சேர்த்துக் கையே பேசியது. பார்க்க வந்தவர்களெல்லாம் நோய் ஒரு மனுஷனை எப்படி மாற்றிவிட்டது பாருங்கள் என்று உச்சுக்கொட்டினார்கள். இவள் தலையாட்டினாள். மகனும் போனில் அதையேதான் சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு நல்ல தூக்கம், ராத்திரிச் சத்தம் எதற்கும் எழுந்ததில்லை.

ஊழியர் மேல் கை பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும், மறுபடியும் நடந்தால் ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்பது கிளியை அனுப்பிய நிறுவனத்தின் கண்டிப்பான விதி. கிளி வாங்கியது ஒன்றிரண்டு அடியல்ல. இரண்டு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. “உங்க வீட்டுக்காரருக்கு என் மேல என்ன பாசம்க்கா, புடிச்ச கையை விடவே மாட்டேங்கறாரு” என்று கன்றிய மணிக்கட்டைக் காட்டிச் சிரித்தாள் கிளி. இவளும் சிரித்தாள். கிளி வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் இவளால் சோப்பு நுரையோடு கண்ணை மூடித் தலைக்குக் குளிக்க முடிந்தது. மற்ற நேரங்களில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்துப் பழகியிருந்தாள். கிளி போய்விட்டால் கண்ணை மூடிய அந்தக் குளியலும் போய்விடும்.

அன்றும் இவள் குளிக்கப் போனாள். நான் வரும்வரை சவரத்தை ஆரம்பிக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவருடைய அறை வாஷ்பேசின் முன் சக்கர நாற்காலியில் அவரை நிறுத்தியிருந்த கிளி, நுரை காய்கிறதே என்று ஆரம்பித்துவிட்டாள். கன்னத்துச் சதை இறுகட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கேட்டவளும் அவளேதான். சொன்னபடி தாடை இறுகியது. எல்லா நோயாளியிடமும் சொல்கிற வழக்கமான வார்த்தை. இந்த ஒரு முகத்தில் அது என்ன சொல்லும் என்பது அந்த நிமிஷம் அவளுக்கு நினைவில் இல்லை.

அவர் அவள் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தார். வாஷ்பேசின் விளிம்பில் நெற்றியை மோதினார். மறுபடியும் மோதினார். பீங்கானில் எலும்பு இடிக்கும் ஓசை தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி இவளுக்குக் கேட்டது. ஈரத்தோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள், பிடித்து இழுக்காதீர்கள் என்றுதான் நிறுவனம் சொல்லியிருந்தது. முடி முஷ்டிக்குள் இருக்கும்போது கதவை எப்படிச் சாத்துவது? அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தாள். பின்னல் விடுபட்டது. அதே கை இவள் காதில் இறங்கி, பிறகு கழுத்துக்கு வந்து இறுக்கியது. கண்முன் எல்லாம் கறுத்தது. ரத்தம் வழிந்து கண்ணை மறைக்க, கிளி தடவித் தடவிச் சக்கர நாற்காலியின் பிரேக்கைத் தட்டிவிட்டுக் காலால் ஓங்கி உதைத்தாள். நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் முட்டியதும்தான் பிடி அறுந்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவராக வெளியே விழுந்தார்கள். தாழ்ப்பாள் போட்ட பிறகு உள்ளே கண்ணாடி உடைந்தது.

தகவல் போய், நிறுவனத்தில் மேற்பார்வை செய்யும் அம்மாள் வந்ததும் கிளியைத் தையல் போட அனுப்பிவைத்தார். போகும்போது, முன்பு வாங்கிய அடிகளையும் சேர்த்துக் கிளி சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்.

“பலசாலியா ரெண்டு ஆம்பளைங்க கிடைக்கிற வரைக்கும் யாரையும் அனுப்ப முடியாதுங்க. எங்க ஆளுங்க பாதுகாப்பு எங்க பொறுப்பு. இனி அவங்க யாரும் இவரோட தனியா இருக்கக் கூடாது. இது நோயோட கோபம், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அதுவரைக்கும் பாத்துக்குவீங்கல்ல?”

உள்ளேயிருந்து கை கதவைத் தட்டத் தொடங்கியிருந்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல்.

மேற்பார்வை அம்மாள் பையைத் தோளில் மாட்டி எழுந்தார். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டுக்கு வந்த யாரையும் இவள் சுலபத்தில் போக விட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், இன்னொரு காபி போடுகிறேன் என்று வாசல்வரை போய் நிறுத்துவாள். வாசலில் நின்றும் பேசுவாள். உபசாரத்தில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள். மகனும் ஒவ்வொரு லீவு முடிந்தும் அப்படித்தான் போனான்.

“ஒரு காபி...” என்று இவள் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினாள், வலித்தது. அந்த அம்மாளின் பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னையும் இவரோட தனியா விட்டுட்டுப் போகாதீங்கம்மா.”