எதுக்கு வந்த?

1.

மனித வாழ்க்கையின் அர்த்தம் போன ஆனி மாதம், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், நின்றுகொண்டே கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவன் இனியன், பி.ஏ. மூன்றாம் ஆண்டு.

கண்டுபிடிப்பு ஒரே சொல்: 'எதுக்கு?' எதைச் செய்வதற்கு முன்பும் இதைக் கேட்டுவிட வேண்டும். பதில் வந்தால் செய்யலாம். வராவிட்டால் விட்டுவிடலாம். உலகத் தத்துவங்கள் அத்தனையும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதைப் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அவன் சரிபார்த்தும் முடித்துவிட்டான்.

இந்தக் கதைக்கும் ஒரு காரணம் உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அருள்ராஜ் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. இத்தனை நாள் ஏன் வந்துகொண்டிருந்தான் என்று எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதுகிறவன் இனியனேதான். 'நான்' என்று எழுதினால் தன் பக்கமே சாய்ந்துவிடுவோம் என்பதால் 'அவன்'.*

(* 'அவன்' போட்டாலும் சாய்கிறது. ஆனால் வெளியே தெரிவது கம்மி.)

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

மலை மேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில் — (மேகம் எதற்கு? மழை வரப்போவதில்லை.)

அருள்ராஜின் கண்களில் ஒரு — (ஒன்றும் இருந்ததில்லை. போன் வெளிச்சம்தான்.)

திருவண்ணாமலையில் பாதிப்பேர் தங்களைத் தேடி வந்தவர்கள்; மீதிப்பேர் அவர்களுக்கு வாடகைக்கு ரூம் தேடித் தருகிறவர்கள். (நல்ல வரி. ஆனால் கதைக்கு எந்த வேலையும் செய்யவில்லை. அடித்துவிட வேண்டும். நாளைக்கு.)

3.

'எதுக்கு?' வந்த பிறகு இனியனின் வாழ்க்கை சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி ஆனது. எழுந்ததும் போனைத் தடவுவது நின்றது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளிலிருந்து விலகினான். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றியபோது, 'கிளம்பின எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குக் கிளம்பணும்?' என்று ஸ்டேட்டஸ் வைத்தான்.

அவன் மிகவும் வெறுத்த சொல் 'சும்மா'. சும்மா போனேன், சும்மா பார்த்தேன், சும்மா கேட்டேன். ஓர் இனம் தன் ஆயுளில் பாதியை இந்தச் சொல்லுக்குள் போட்டுப் பூட்டிவிட்டது என்று கல்லூரி ஆண்டு மலரில் கட்டுரையே எழுதினான். முதல்வர் பாராட்டினார். எதற்கு என்று தெரியவில்லை.

அருள்ராஜ் பள்ளித் தோழன். வேங்கிக்காலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடையை மூடியதும் இனியன் வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்காருவான். இனியனின் தங்கை கவிநிலா கிண்ணத்தில் வேர்க்கடலை தருவாள். உரிப்பான், தோலை ஊதுவான், தின்பான், போவான்.

அன்றும் வந்தான்.

"எதுக்கு வந்த?" என்றான் இனியன்.

"இன்னாடா?"

"இல்ல, காரணம் கேக்குறேன். எதுக்கு வந்த?"

"சும்மா வந்தேன்."

"அது காரணம் இல்லடா."

அருள்ராஜ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் வினை. உரித்து வைத்திருந்த கடலையைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டான்.

"சரி. காரணம் இருந்தா வர்றேன்."

குரலில் கோபம் இல்லை. வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் அங்கே ஸ்டார்ட் செய்தான். பிறகு வரவில்லை.

4.

சரியான கதையில் ஒரு பாத்திரம் காரணமில்லாமல் வந்து உட்கார முடியாது. ஆகவே இனியன் அவனுக்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தான்.

முதல் காரணம், கவிநிலாவைக் காதலிக்கிறான். தோளுக்குப் பின்னாலிருந்து படித்த கவிநிலா, "அருள் அண்ணன் என்னப் பாத்தா 'இன்னா குரூப் ஃபோரு, பாஸாயிடுவியா?'ன்னு கேக்குறவரு. அடி அத" என்றாள். அடித்தான்.

அடுத்தது, அருள்ராஜின் அப்பா இறந்துபோன துயரத்தில் — இதுவும் நிற்கவில்லை. அப்பா நேற்றுதான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இனியனைப் பார்த்து அவரே முதலில் சிரித்தார்.

கடைசிக் காரணம், இனியனிடம் தத்துவம் கேட்க வருகிறான். இது மிக இயல்பாக வந்தது. இரண்டு பக்கம்.

"அவரு எப்பண்ணா கேட்டாரு?" என்றாள் கவிநிலா. "நீ பேசுறப்பல்லாம் கடலதான உரிச்சிக்கிட்டிருந்தாரு." தன் பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டே, "அவரு திங்கக்கிழம ஓசூர் போறாரு, தெரியுமா? கம்பெனில வேல. கடைய வேற ஆளுக்கு வுட்டுட்டுப் போறாராம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான். சார்ஜர் வாங்கப் போனேன்."

"எங்கிட்ட சொல்லலயே."

"சொல்லணும்னா வரணும். வரணும்னா காரணம் வேணும்." பக்கத்தைத் திருப்பினாள். "நீ போய்ப் பாரேன்."

"எதுக்—"

கவிநிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சொல் பாதியிலேயே நின்றது.

5.

சாத்தியமான முடிவுகள்:

இனியன் தன் போனைத் தரையில் போட்டு உடைத்து, ரிப்பேருக்கு எடுத்துப் போகிறான். (போட்டான். உடையவில்லை. போன மாதம் அருள்ராஜ் ஒட்டிக் கொடுத்த கண்ணாடி.)

இனியன் நேரில் போய்ச் சொல்கிறான்: நட்பு என்பது — (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் கல்யாண பேனர் எழுதப் போய்விடுகிறார்கள்.)

இந்தக் கதையைப் பிரிண்ட் எடுத்துப் போய் அவனிடம் படித்துக் காட்டுகிறான். இது தத்துவப்படி குறை சொல்ல முடியாத காரணம். இனியன் உடனே கிளம்பினான்.

ஆட்டோ பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது: காகிதங்கள் மாடிப்படியிலேயே இருக்கின்றன.

அவன் சட்டைப் பையைத் தடவுவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "எதுனா மறந்துட்டியா தம்பி? திருப்பட்டா?" என்றார்.

"வேணாங்க. போங்க."

6.

இந்தப் பகுதி போனில் தட்டப்படுகிறது, கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

அருள்ராஜ் எதுவும் கேட்கவில்லை. கேட்பான் என்று இனியன் வழியெல்லாம் பதில் தயாரித்து வந்திருந்தான். அருள்ராஜ் ஸ்டூல் மேலிருந்த சார்ஜர் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தான். அவ்வளவுதான். பிறகு யாருடைய போனையோ பிரித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவன் ஓசூர் போய்விடுவான். வேலை கிடைத்தவனைக் கதை எழுதி நிறுத்த முடியாது. அதற்குள் இவர்கள் என்ன பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். இங்கே யாரும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. வெளியே கலெக்டர் ஆபீஸ் விட்டு ஆட்கள் போகிறார்கள். மலை மேல் மேகம் கவிந்திருக்கிறது. (எதற்கு என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

கீறல் விழுந்த போனோடு ஒரு அம்மா வந்தார். இனியன் தனக்கு முன்னால் வந்தவனோ என்று அவருக்குச் சந்தேகம்.

"உன் போனுக்கு இன்னாப்பா? ஜாஸ்தி நேரம் ஆவுமா?"

"போனு நல்லாத்தாங்க இருக்குது."

"அப்புறம் எதுக்கு ஒக்காந்துகினு இருக்க?"

அருள்ராஜ் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் திருகுவதை நிறுத்தியது.

"சும்மாதாங்க" என்றேன்.