முதல் தரம் வந்த மாப்பிள்ளை

“உங்கட பழைய விசாக்கள் எல்லாத்தையும் ஒருக்கா காட்டுங்கோ. போனிலை படமெடுத்து வச்சிருப்பியள்தானே?”

ஜெனனி இப்படிக் கேட்டதும் யசிந்தன் வாய்க்குக் கொண்டுபோன கோப்பியை அப்படியே பிடித்தபடி நின்றான். எந்த ஆணிடமும் கேட்கவே கூடாது என்று அம்மா கனகேஸ்வரி ஜெனனிக்குச் சொல்லிவைத்த கேள்வி அது. “விசா, பாஸ்போட், வதிவிடப் பெர்மெஸ்ஸோ எல்லாம் குவெஸ்தூராப் பொலிஸ் கேக்கிற கேள்வி பிள்ளை. எங்கட சனம் கேக்கிறேல்லை.”

அது உண்மைதான். இத்தாலியின் பலெர்மோவில் தமிழர் ஒருவரிடம் ஒருவர் சம்பளம் கேட்பார்கள், ஊரில் எந்தப் பகுதி என்று கேட்டுச் சாதியைப் பிடிப்பார்கள், ஏன் இன்னும் பிள்ளையில்லை என்றும் கூசாமல் கேட்பார்கள். எந்த வழியாக வந்தாய், எந்தப் பெயரில் வந்தாய் என்று மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். ஒருவர் பெட்டியைத் திறந்தால் எல்லார் பெட்டியும் திறபடும் என்ற பயம்.

“காலமையே விசாரணை தொடங்கிட்டீர்,” என்று யசிந்தன் சிரித்தான். “சூரிச்சிலை கிடக்கு எல்லாம். கோப்பியைக் குடியும், ஆறப்போகுது.”

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்ததே அந்தக் கோப்பியால்தான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கோப்பிக் கடைக்குள் புதிதாக வருகிற எவரும் நேரே மேசையடிக்குப் போய், யாராவது கவனிப்பார்களா என்று பேந்தப் பேந்த முழிப்பார்கள். இவன் உள்ளே வந்தவுடன் காசாளரிடம் போனான். காசைக் கட்டித் துண்டை வாங்கினான். துண்டைக் கொண்டுவந்து கோப்பி போடுகிற மேசையில் வைத்து, இந்த ஊர்க்காரரைப் போல ஒரு விரலால் தட்டினான். ஆறு மாதமாகப் போனில் கதைத்தபோதெல்லாம், இத்தாலி மண்ணை மிதித்ததேயில்லை, உம்மாலைதான் முதல் தரம் வரப்போறன் என்று சொன்னவன்.

நாளைக்கு மோதிரம் மாற்றுவது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மண்டபம் எடுத்து இருநூறு பேருக்குச் சொல்லியாயிற்று. அதற்கு முதல் ஒருநாள் ரூறிஸ்ற் மாதிரிச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று இரண்டு வீட்டாரும் அனுப்பிவைத்திருந்தார்கள். ஜெனனி பலெர்மோவின் சீசாப் பகுதியில் வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராமாரின் வீடுகளைத் துடைத்துப் படிக்கவைத்ததில், குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. வேதியியல். ஒரு திரவம் நிறம் மாறினால் ஏன் மாறியது என்று கேட்கத்தான் அவளுக்கு ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நிறம் மாறினால் கேட்காதே என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மாவைத் தவிர.

சித்திரக் கூடத்துக்குப் போனார்கள். நீல முக்காடு போட்ட மரியாளின் படம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு கையால் முக்காட்டைப் பொத்திப் பிடித்து, மற்றக் கையை முன்னால் நீட்டி, கொஞ்சம் பொறு என்று சொல்லுவதுபோல இருப்பாள். ஜெனனி அதற்கு முன்னால் நின்றுவிட்டாள். யசிந்தன் மணிக்கூட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். காவலுக்கு இருந்த கிழவர் மற்றக் காவலாளியிடம் சிசிலியப் பேச்சில் முணுமுணுத்தார்: “பெடியன் மாதாவைப் பாக்க வரேல்லை, கதவைப் பாக்க வந்திருக்கிறான்.”

யசிந்தனின் உதடு விரிந்தது. ஜெனனி இன்னும் மொழிபெயர்க்கவில்லை.

“என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?”

“அந்தாளின்ரை மீசைக்கு.”

கிழவருக்கு மீசை இருந்தது.

மத்தியானம் பலாரோச் சந்தையில் சாப்பிடுவோம் என்றாள். “அங்கை வேண்டாம், எங்கட சனம் கூடுதலா நிக்கும்,” என்றான். முதல் தரம் வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? உங்கட அப்பா சொன்னவர் என்றான். சொல்லியும் இருக்கலாம். வேறு சந்தையில் கடலைமாப் பொரியலைப் பாணுக்குள் வைத்து வாங்கிக் கொடுத்தாள். எலுமிச்சம்புளி விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பழகிய வாயால் சாப்பிட்டான். “எங்கட கடலை வடை மாதிரிக் கிடக்கு, என்ன?” என்று பிறகுதான் அவனுக்குச் சொல்லத் தோன்றியது. அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. நல்லவன் ஒருவனின் வாயை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேனோ?

பின்னேரம் நாளைக்கென்று அவனுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினார்கள். அழகான மண்ணிறத் தோல். அங்கேயே போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு தெரு நடப்பதற்குள் குதிக்கால் உரிந்துவிட்டது. நொண்டி நொண்டி மருந்துக்கடைக்குள் ஏறினான், அவள் பின்னால். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை எடுத்துக் கணினியில் அடித்தபடி, தலை நிமிராமல் மருந்துக்கடைப் பெண் கேட்டாள்:

“கோதிச்சே பிஸ்காலே?”

இந்த நாட்டில் வசிக்கிற ஆட்களுக்குக் கொடுக்கிற வரி எண் அது. எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு. மருந்துக்கடைக்காரர் எல்லாரிடமும் கேட்பார்கள். ரூறிஸ்ற் என்றால் ‘என்ன?’ என்று முழிப்பான். யசிந்தன் உரிந்த காலைப் பார்த்துக் குனிந்தபடியே, பதினாறையும் இத்தாலிய மொழியில் மளமளவென்று சொல்லி முடித்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

ஜெனனி அவனைப் பக்கத்திலிருந்த ஐஸ்கிறீம் கடைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினாள். இரண்டு கிண்ணம் வந்தது. யாரும் தொடவில்லை.

“எத்தினை வருசம்?”

“மூண்டு. மெஸ்சீனாவிலை.”

“ஆரோடை?”

அவன் பிளாஸ்ரர் பெட்டியின் மூலையைக் கிழித்துக்கொண்டிருந்தான். “செலஸ்ரீனா எண்டு ஒரு பிள்ளை. மன்னார். கலியாணம் எழுதினனாங்கள். சரிவரேல்லை. டிவோர்ஸ் எடுத்துப் பத்து வருசமாச்சு. பிள்ளை குட்டி ஒண்டுமில்லை, ஜெனனி. சத்தியமா.”

“இதைச் சொல்லிறதுக்கு ஆறு மாசம் காணாதோ?”

“உமக்குச் சொல்லுவம் எண்டுதான் நான் சொன்னனான்.”

“சொன்னனீங்கள். எனக்கில்லை. ஆருக்கு?”

அவன் பெட்டியின் அடுத்த மூலையைக் கிழித்தான். கேட்காதே என்று அம்மா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. போனை எடுத்தாள்.

அம்மா சிஞ்ஞோரா வீட்டுக் குசினியிலிருந்து கிசுகிசுத்தாள். “என்ன பிள்ளை, வேலையிலை நிக்கிறன்.”

“யசிந்தன் முந்தி எழுதினது உங்களுக்குத் தெரியுமோ?”

தண்ணீர்ப் பைப்பைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. “ஆர் சொன்னது?”

“தெரியுமோ, தெரியாதோ?”

“ஓம், தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதுக்கு இப்ப என்ன? நல்ல பெடியன், சுவிஸ் சிற்றிசன், குடி வெறி இல்லை. நீ படிச்சனி, சொன்னால் நூறு கேள்வி கேப்பாய், எல்லாம் குழம்பும். அதுதான் கேக்காதை எண்டனான். நாளைக்கு மோதிரத்தைப் போடு மோனை, பிறகு ஆறுதலாக் கதைப்பம்.”

“எங்கட சனம் கேக்கிறேல்லை எண்டு சொன்னியளே, அது இதுக்குத்தானோ?”

அம்மா அழத் தொடங்கினாள். அழுகைக்கும் குரலை அடக்கவேண்டிய வீடு அது. ஜெனனிக்கு அதுவும் வலித்தது. ஆனாலும் போனை வைத்துவிட்டாள்.

“நான் கெட்டவனில்லை,” என்றான் யசிந்தன்.

“நீங்கள் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்லை. முந்திக் கட்டினவர் எண்டு முதல் நாளே சொல்லியிருந்தால், ஏன் பிரிஞ்சனீங்கள் எண்டு கேட்டிருப்பன், யோசிச்சிருப்பன். ஓம் எண்டும் சொல்லியிருப்பன். அதை நான்தான் யோசிக்கவேணும். நீங்கள் எல்லாரும் கூடியிருந்து எனக்காக யோசிச்சு முடிச்சிட்டியள். இண்டைக்கு முழுக்க என்னை வழிகாட்டியாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சியள், உங்களுக்குத் தெரிஞ்ச நாட்டிலை.”

“இருநூறு பேர் வரப்போகினம். சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். அவைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவேணும்தானே.”

அவள் எழும்பினாள். அவனும் எழும்பப் பார்த்தான். குதிக்கால் விடவில்லை. “எங்கை போறீர்? நில்லும், கதைப்பம்.”

“மண்டபக்காரன் ஆறரைக்குப் பூட்டிப்போடுவான். அதுக்குள்ளை போய் நாளைக்கு வேண்டாம் எண்டு சொல்லவேணும்.”

கைப்பையைத் தோளில் மாட்டினாள். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு கிழவிகள் கரண்டியை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனனி அவர்களைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.