மகாராஜா திரும்பிப் பார்ப்பதில்லை

தையல் கூடத்தில் மெஷின் மெக்கானிக்குக்கு 'மகாராஜா' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பமாட்டார், அதனால்தான். நூல் அறுந்து மெஷின் நின்றுபோய் தையல்காரப் பெண்கள் பின்னாலிருந்து மூன்று தரம் அழைத்தாலும், அவர் பாட்டுக்கு ஸ்குரூடிரைவரும் கையுமாக நடந்துகொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த மாசம் நாலாவது புகார். இவ்வளவு தலைக்கனம் ஆகாது. திங்கக்கிழமையிலேருந்து நீங்க ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஊசி டப்பாவ அடுக்குங்க."

அறுபது மெஷின்கள் ஒன்றாக ஓடும் அந்த இரைச்சல் இல்லாமல் அவரால் ஒரு நாளையும் நினைத்துப் பார்க்க முடியாது. தலைக்கனமா? யார் எப்போது கூப்பிட்டார்கள்?

வீட்டில் சொன்னதும் மனைவி கொதித்தாள்.

"அங்கயும் அதே கதைதானா! எங்கிட்ட மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். தெருக்கோடியில லாரி வந்தா கேக்குது, நான் அடுப்படியிலேருந்து கத்துனா கேக்கல. காதுல கோளாறா, மனசுல கோளாறான்னு நாளைக்கே பாத்துடுவோம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் காது சோதனை அறை பஞ்சு வைத்து அடைத்தது போல அமைதியாக இருந்தது. தன் எச்சில் இறங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. சத்தம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தேறாமல் போனால் வேலை போச்சு என்ற பயத்தில் அவர் விடாமல் அழுத்தினார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் எழுந்து வந்து, "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள்.

மறுபடி நடந்த சோதனையில் உண்மை வந்தது. லேசான குறைபாடு.

"லேசுதானே? அப்ப ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "கெழவங்களுக்கு வர்றது இவருக்கெதுக்கு, நாப்பத்தோரு வயசுல?"

"எந்த வயசுலயும் வரலாம்மா. கனமான சத்தமெல்லாம் இவருக்கு நல்லாவே கேக்கும். மெல்லிசான குரல்தான் நழுவிப் போகும். அதுவும் இரைச்சல்ல, முதுகுக்குப் பின்னாலேருந்து வந்தா, பேசுனதே தெரியாது" என்றாள் சோதித்த பெண்.

இரண்டு வருடச் சண்டைகள் மனைவியின் நினைவில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பேருந்து நிறுத்தத்தில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"போன மாசம் பத்து நாள் உங்களோட பேசாம இருந்தேனே, அதாவது தெரியுமா?"

அவர் யோசித்தார். "எட்டாவது நாள் லேசா சந்தேகம் வந்துச்சு."

அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சோதனைத் தாளோடு போய் நின்றார். சூப்பர்வைசரம்மா நம்பவில்லை.

"சத்தத்த வச்சே பழுது கண்டுபிடிக்கிற ஆளுக்குக் காது கேக்கலையா? நல்ல சாக்கு!"

"அப்படித் திரும்பி நில்லுங்க" என்று அவரைச் சுவர்ப் பக்கம் நிறுத்தினாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் இருந்த வாயாடித் தையல்காரியிடம் கண்ணைக் காட்டினாள்.

"மகாராஜா! நாளையிலேருந்து ஒரு வாரம் உங்களுக்கு லீவாம், சம்பளத்தோட!"

அவர் அசையவில்லை. கூடம் கொல்லென்று சிரித்தது. அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை. சட்டென்று அவர் முதுகு மட்டும் நிமிர்ந்தது. திரும்பி, நேரே மூன்றாம் வரிசைக்கு நடந்து, ஒரு மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நிறுத்தும்மா. அடியில மோட்டார் தளர்ந்திருக்கு. தொம்தொம்முனு சத்தம் கேக்குது."

குனிந்து பார்த்தால், உண்மைதான். மோட்டாரைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று கழன்று தொங்கியது.

சூப்பர்வைசரம்மா தாளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே வந்து, கழுத்து நரம்பு புடைக்க, "ஸ்டோர் ரூமுக்கு! போக! வேணாம்!" என்று அலறினாள்.

"கத்தாதீங்கம்மா, கத்துனா இன்னும் குழம்பிடுது. முன்னாடி வந்து சாதாரணமா பேசுனா போதும்."

மெஷின் நின்றால் அதன் மேலே இருக்கும் விளக்கில் ஒரு சிவப்புத் துணித்துண்டைத் தொங்கவிடுவது என்று வாயாடிதான் வழி சொன்னாள். மதியத்துக்குள் ஆறு துண்டுகள் தொங்கின. அதில் இரண்டு சும்மா, மகாராஜா ஓடிவருவதைப் பார்க்க.

சாயங்காலம் வீட்டில் அவர் உட்கார்ந்ததும், மனைவி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நல்லா கேக்குதா?"

"கேக்குது."

"சரி" என்று சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய சண்டையிலிருந்து தொடங்கினாள்.