பானட் ஆறும் வரை

1

இந்தக் கதை நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. வியப்பில் பிளக்கவில்லை, பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தேன். கடைவாயில் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், பாதி நாக்கு யாருடையதோ. டாக்டர் என் பல்லைக் குடைந்தபடியே தன் கதையைச் சொன்னார். எழுதுகிறவன் ஒருவன் குறுக்கே பேசாமல் ஒரு கதையைக் கேட்டது அநேகமாக அன்றைக்குத்தான். கதையில் எங்காவது ஓட்டை தென்பட்டால், கேள்வி கேட்க எனக்கு வாய் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

சிவப்பு நிறத்தில் ஒரு கனவு, உறைக்குள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு

(கார் மூச்சு விடாது. அடித்தாயிற்று.)

ஐம்பதைத் தாண்டிய பெண்ணொருத்தி, தொலைந்துபோன தன் இளமையைத் தேடி

(தொலைத்ததாக அவர் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. இதையும் அடித்தாயிற்று.)

விமர்சக நண்பர் ஒருவரிடம் கருவைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கூரையைப் பார்த்து, “இதில் கார் என்பது எதன் படிமம்?” என்றார். “காரின் படிமம்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. கதை அந்த அளவில் ஏற்கெனவே வெற்றி.

ஆகவே, உள்ளது உள்ளபடி: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் டாக்டர்* பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலை பேசப் போனார். இரண்டே இருக்கை. துணைக்கு அவருடைய தம்பி. கார் எஞ்சின் பற்றி எட்டு வீடியோ பார்த்தவன், ஆகவே நிபுணன்.

(* அவரை ‘அவள்’ என்று எழுதலாமே என்பீர்கள். வேர் சிகிச்சை இன்னும் முடியவில்லை. என் பல் அவர் கையில் இருக்கிறவரை ‘அவர்’தான்.)

3

காரை விற்கிறவர் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். ‘உன்னால் முடியும்’ என்று ஊர் ஊராகப் போய் முழங்குகிறவர். கார் கொட்டகை நிழலில், சாம்பல் நிற உறைக்குள் நின்றது. பேச்சாளர் சிலை திறப்பவரைப் போல உறையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், இது கார் இல்ல. ஒரு மனநிலை.”

“மனநிலைக்குக் கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?” என்றார் டாக்டர்.

பேச்சாளர் சிரித்துச் சமாளித்து உறையை உருவினார். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பெயின்ட்டைப் பார்ப்பார்கள், ஸ்டியரிங்கைத் தடவுவார்கள். டாக்டரோ நேராகப் போய், வீங்கிய கன்னத்தில் வைப்பதுபோல, எஞ்சினை மூடியிருக்கும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சுடுதே.”

“வெயில் மேடம்.”

“உறைக்குள்ளயா?”

“பேட்டரி இறங்கிடக் கூடாதேன்னு ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணேன்.”

“ஒரு நிமிஷத்துல இவ்ளோ சூடு ஏறாது. ரெண்டு வாரமா தொடவே இல்லைன்னு போன்ல சொன்னீங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பூசணிக்காய் சுடாது என்பதால் அதுகூட எளிது.

“சத்தத்தைக் கேளுங்க மேடம். தேன் மாதிரி இருக்கும்” என்று பேச்சாளர் சாவியோடு பாய்ந்தார்.

டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். “இப்ப தேனாத்தான் இருக்கும். எங்கிட்ட சில பேர் வலி மாத்திரையைப் போட்டுட்டு வந்து வாயைத் திறப்பாங்க. எந்தப் பல்லைத் தட்டினாலும் வலிக்கலைம்பாங்க. நான் கை வைக்க மாட்டேன். மாத்திரை இறங்கட்டும், வலியோட வாங்கன்னு அனுப்பிடுவேன். உங்க வண்டிக்கும் இறங்கட்டும்.”

“அதுக்கு மத்தியானம் ஆயிடுமே?”

“ஆகட்டும். நாற்காலி இருக்கா?”

(கார் தெரியாதவர்களுக்கு: ராத்திரியெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் அடியில் இறங்கிக் கிடக்கும். முதன்முதலாக முடுக்கும்போதுதான் தேய்ந்த பாகம் கடகடக்கும். ஆயில் கசிந்து எரிந்தால் பின்னால் நீலப் புகை வரும். சூடேறியபின் எல்லாம் அடங்கி நல்ல பிள்ளையாகிவிடும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைகளைப் போல.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: தம்பி வெறும் கோமாளிதானா? இந்தத் தம்பியை வைத்து நாலு சிரிப்பு சிரிக்கலாம் என்றுதான் கதைக்குள் கூட்டிவந்தேன். காரின் அடியில் தவழ்ந்து, துருவைத் தொட்டு முகர்ந்து, “ம்ம்” என்று தத்துவார்த்தமாக முனகிக்கொண்டிருந்தான். ஆனால் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் தம்பி வாயைத் திறந்தான்.

“வேணாம்க்கா. எஞ்சின் போயிடுச்சு.”

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேடா.”

“எனக்குத் தெரியும். சரி, ரெண்டு சீட்டு. அம்மாவை எங்க உட்கார வைப்பே?”

“அம்மா முன்னாடி.”

“நான், என் பொண்டாட்டி, பசங்க? மாமா வந்தா ஸ்டேஷன்லேர்ந்து யார் கூட்டிட்டு வர்றது?”

“வீட்ல இருக்கிற ஏழு சீட்டு வண்டியை நீயே எடுத்துக்கோ. சாவியைத் தரேன்.”

“எனக்கு ட்ராஃபிக்ல ஓட்டினா தலை சுத்தும்க்கா. அது உனக்கே தெரியும்.”

“தெரியும். பதினஞ்சு வருஷமா உனக்குத் தலை சுத்துது, நான் ஸ்டியரிங்கைச் சுத்தறேன்.”

“நாங்கள்லாம் எங்கதான் உட்கார்றது?”

“அதுக்குத்தான்டா இதை வாங்கறேன்.”

பேச்சாளர் இருமினார். மேடைகளில் அவர் ஆயிரம் முறை சொல்லியும் யாரும் செய்யாததை, அவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே ஒருத்தர் செய்துகொண்டிருந்தார். அதுவும் அவருக்கே நஷ்டம் வருகிற மாதிரி.

இப்போது கவனியுங்கள். விற்கிறவருக்கு நோய் வெளியே தெரியக் கூடாது. தம்பிக்கு நோய் இருந்தே ஆக வேண்டும். இருவருக்கும் நடுவில், உண்மை எதுவோ அதைத் தெரிந்துகொண்டு தானே முடிவு செய்ய ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் அவருக்குக் கொடுக்க மறுத்தது காரையல்ல

(படிமம் வருகிறது. நண்பர் மகிழ்ந்துவிடுவார். நிறுத்திக்கொள்கிறேன்.)

5

மத்தியானம் பானட் ஆறியது. டாக்டர் மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். தம்பியைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

“திருப்பினேன்” என்றார், பல் நாற்காலியில் கிடந்த என்னிடம். அப்புறம், “கொப்பளிங்க” என்றார்.

“எஎ ஆஆ?” என்றேன். என்ன ஆச்சு என்று அர்த்தம்.

“அடுத்த வாரம் வாங்க. இன்னும் ரெண்டு தடவை இருக்கு.”

வீட்டுக்கு வந்து மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் எஞ்சின் குறையில்லாமல் உறுமுகிறது, அவர் வாங்குகிறார். (பேச்சாளர் யோக்கியராகிவிடுகிறார். என் பேனா ஒத்துழைக்கவில்லை.) இரண்டாவதில் கடகடவென்று சத்தம், நீலப் புகை, அவர் எழுந்து போகிறார். (வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தம்பி விசிலடிப்பான். இது அதைவிடப் பொறுக்காது.) மூன்றாவதில் அதே நீலப் புகை, தம்பி முகமெல்லாம் மலர்ச்சி, “சொத்தைதான். ஆனா எடுத்துடலாம்” என்று கையைத் துடைத்துக்கொண்டு, அவர் புதிய விலை ஒன்றைச் சொல்கிறார்.

மூன்றையும் அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

“எதை வேணா போடுங்க. போன இளமை திரும்பி வந்துச்சுன்னு மட்டும் எழுதினீங்கன்னா, அடுத்த தடவை மரப்பு ஊசி கிடையாது.”

“அப்ப எதுக்குத்தான் டாக்டர் அந்தக் கார்?”

“எனக்கு வேகமாப் போகணும். அவ்ளோதான். வாயைத் திறங்க.”

6

முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். தம்பிகள் நிறையப் பேர் இதைப் படிக்கக் கூடும்.

கிளினிக்கின் பின்பக்கம் வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு. அங்கே உறை போட்டு ஏதோ நிற்கிறது. அது ஏழு பேர் உட்கார்கிற வண்டியா, இரண்டு பேர் உட்கார்கிறதா என்று எட்டிப் பார்க்காமலே வந்துவிட்டேன். உங்களுக்குப் பொறுக்காவிட்டால் போய்ப் பாருங்கள். காலையில், முதல் நோயாளி வருமுன் போங்கள். உறையைத் தூக்கிப் பார்க்கிற அநாகரிகமெல்லாம் வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தாழ்வாக இருக்கும், அது வெளியிலிருந்தே தெரியும். உள்ளங்கையை மட்டும் பானட்டின் மேல் வையுங்கள்.

சுட்டால், இந்த முறை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டாக்டர் சற்று முன்புதான் வந்திருக்கிறார், வேகமாக.