மூன்றாவது கார் ஏன் தாமதமாகத் திரும்பியது

1

இந்தக் கதை ஓர் ஒப்பீட்டுக் கட்டுரையாகப் பிறந்தது. பழைய பாணிக் கார் பந்தய வீடியோ கேம்கள் மூன்றை விளையாடிப் பார்த்து, எது தேவலை என்று எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். எழுதினேன், வெளியாகியும் விட்டது. அதில் ஒரு தப்பு இருக்கிறது. திருத்தம் போடலாமே என்பீர்கள். வெளியான மதிப்பெண்ணை மாற்றுவதில்லை என்பது எங்கள் பத்திரிகையின் பிடிவாதம். கதையாக எழுதிவிட்டால் யாருக்கும் உறுத்தாது என்று ஆரம்பித்தேன். எனக்கே உறுத்துகிறது.

முதல் தொடக்கம்: 'சிவப்புக் கார் மலை முகட்டைத் தாண்டியபோது சூரியன்—'

வேண்டாம். மூன்றிலும் சிவப்புக் கார்தான். மூன்றிலும் சூரியன் மறையப் போவதாகப் பாவலா காட்டிக்கொண்டு மறையாமலே நிற்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'அவள் களைத்திருந்தாள்.'

இது உண்மை. ஆனால் பதினொரு வருடமாக இதே வேலையைச் செய்கிறவள் களைத்திருப்பதில் கதை எங்கே இருக்கிறது?

2

மூன்றும் ஒரே அச்சு. முடியாத சாலை, இருபுறமும் மரங்கள், சாலையின் குறுக்கே போட்ட கோட்டைத் தொட்டால் ஓட்டக் கூடுதலாகச் சில விநாடிகள். கண்ணை மூடிக்கொண்டால் இசைகூட ஒன்றுதான். வித்தியாசம் விரலில்தான் தெரியும். முதலாவதில் பிரேக்கை லேசாகத் தொட்டுத் திருப்பினால் போதும், வளைவு முழுவதையும் கார் வழுக்கிக்கொண்டே கடந்துவிடும். இரண்டாவதில் மற்ற கார்களை இடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. யார் மேலாவது கோபம் இருந்தால் நல்லது. மூன்றாவதைப் பற்றி நான் எழுதிய வரி இது: 'கை சொல்வதைக் கார் தாமதமாகத்தான் கேட்கிறது.' பத்துக்கு நான்கு.

[அடிக்குறிப்பு: எழுதும்போது அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் நல்ல வரிதான். அதுதான் எரிச்சல்.]

3

மூன்றாவதைச் செய்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில், கேம்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தோம். ஒரே வளைவை நூறு தடவை முணுமுணுக்காமல் ஓட்டுவான். 'நிதானம்' என்று பெயர் வைத்தோம். பிறகு வேலையை விட்டுவிட்டு, மனைவியின் சம்பளத்தில் வீடு ஓட, மூன்று வருடம் தனி ஆளாக உட்கார்ந்து இதைச் செய்தான். நிதானம் பந்தயக் கார் விடுகிறான் என்று நாங்கள் சிரித்தோம்.

(இவ்வளவு நல்லவனை நம்புவீர்களா? கெட்ட குணம் ஒன்றாவது சேர்க்கலாம் என்று தேடினேன். போனை எடுத்தால் வைக்க மாட்டான். அவ்வளவுதான் தேறியது.)

கட்டுரை வந்து நாலாம் நாள் போன் செய்தான். சண்டைக்கு வருகிறான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. தெரிஞ்சவன்னு பாக்காம எழுதினீங்க பாருங்க."

"கோபமில்லையே?"

"சேச்சே. அந்தத் தாமதம்தான் எனக்குத் தெரியவே மாட்டேங்குது. நாலு நாளா ஓட்டிப் பாக்குறேன்."

"ஓட்டி ஓட்டிப் பழகியிருக்கும்பா."

"அப்படித்தான் போல. என் கை மரத்துப்போச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஸ்டியரிங்க மொத்தமாப் பிரிச்சுப் போட்டுட்டேன், புதுசா எழுதிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை, கேம் வாங்கின எல்லாருக்கும் அப்டேட்டாப் போயிடும்."

ஓட்டி ஓட்டிப் பழகியிருக்கும் என்று நான் சொன்னதை இங்கே நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

4

முந்தாநாள் சத்தத்தைச் சரிசெய்யப் போய், நான் கேம் ஓட்டும் டிவியின் அமைப்புகளைத் திறந்தேன். சினிமா மோடில் இருந்தது. அந்த மோடில் டிவி ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிவிட்டுத்தான் திரைக்கு விடும். படத்துக்கு நல்லது. கேமில், விரல் அழுத்தியது திரைக்கு வர ஒரு கணம் பிந்தும். அதற்கென்றே கேம் மோட் என்று தனியாக இருக்கிறது. விளையாட உட்காருமுன் அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

"இத யாரு மாத்தினது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நான்தான். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை படம் பாத்தேன்ல, மூஞ்செல்லாம் வெளிறித் தெரிஞ்சுது. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

முதல் இரண்டையும் நான் ஓட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். மூன்றாவதை ஓட்டியது மறுநாள். மோடை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். கார் மலை முகட்டில் அரை மூச்சு மிதந்து, நான் நினைத்த இடத்தில் இறங்கியது. மூன்றில் அதற்குத்தான் முதலிடம். வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது, இனி இதை அவனிடம் சொல்ல வேண்டுமே என்று.

5

இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) சொல்கிறேன். அவன் சிரிக்கிறான். இது என் நிம்மதிக்காக நானே எழுதிக்கொண்டது.

(ஆ) சொல்லவில்லை. புது ஸ்டியரிங் பழையதைவிடப் பிரமாதமாக அமைந்துவிடுகிறது. எழுதும்போதே கை கூசியது.

(இ) சொல்லவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள், 'நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கெடுத்தீங்க?' என்று எழுதுகிறார்கள். "எனக்கு இது வரலக்கா" என்று போன் செய்கிறான். "அடுத்த தடவ பாத்துக்கலாம்பா" என்கிறேன். இதை மட்டும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டேன். அதனால்தான் பயந்து

[வாக்கியத்தை முடிக்கவில்லை. இதுவரை எழுதியதை, அடித்ததையும் சேர்த்து, அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஆசிரியருக்கு அப்புறம்.]

6

பதில் வந்துவிட்டது. திட்டவில்லை. புது ஸ்டியரிங்கை நிறுத்திவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரே வரி:

"அப்போ என் கை சரியாத்தான் இருக்காக்கா?"

மறுபடியும் என்னைத்தான் கேட்கிறான். மூன்று வருடம் அந்தக் காரோடு கிடந்தவன், இரண்டு மணி நேரம் ஓட்டியவளிடம் கேட்கிறான். 'சரியாத்தான் இருக்கு' என்று அடித்தேன். அழித்தேன். அதுவும் நான் போடும் மதிப்பெண்தான்.

புது ஸ்டியரிங் வெளியாக இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதிவிடுங்கள். என் பெயரில் மட்டும் எழுதாதீர்கள், நம்பிவிடுவான்.